கிளிநொச்சியில் இருந்து மெக்கானிக்கல் கீபோட் பொழுதுபோக்கைத் தொடங்க எதை முதலில் வாங்கலாம்?

கேள்வி: கிளிநொச்சியில் இருக்கிறேன். தமிழ் (பாமினி முறை), ஆங்கிலம் இரண்டும் நிறைய ரைப் பண்ணுவேன். மெக்கானிக்கல் கீபோட்டில் ஆர்வம் வந்திருக்கிறது. எதை வாங்குவது, எதில் காசைப் போடுவது?

பதில்:

மெக்கானிக்கல் கீபோட்டில் ஒவ்வொரு கீக்கும் அடியில் தனித்தனிச் சுவிட்ச் இருக்கும். முதல் கீபோட் ஹொட்ஸ்வொப் வகையாக இருக்கட்டும். மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் வேண்டாம். ஹொட்ஸ்வொப்பில் சுவிட்ச்களைச் சோல்டர் பண்ணியிருக்க மாட்டார்கள், சொக்கெட்டில் செருகியிருப்பார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் தட்டிப் பார்த்து வாங்கக் கடை கிடைப்பது அரிது. படத்தைப் பார்த்து ஓடர் போட்டு, கூரியரில் எடுப்பதுதான் வழக்கம். வந்த சுவிட்ச் கைக்குப் பிடிக்காவிட்டால் ஹொட்ஸ்வொப்பில் சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும். சோல்டர் பண்ணிய 87 கீ கீபோட் என்றால் 174 இணைப்புகளின் ஈயத்தை உருக்கி எடுக்க வேண்டும். தொடங்குகிறவருக்கு அது ஏற்ற வேலை இல்லை.

அளவைப் பாமினியை வைத்தே முடிவு செய்யுங்கள். எஃப் கீ வரிசை, அம்புக் கீகள், நம்பர் பாட் எதுவும் இல்லாத 60 சதவீத கீபோட் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் அதில் ஒன்றுக்கு இடப்பக்கத்தில் இருக்கவேண்டிய சாய்குறிக் (`) கீயின் இடத்தை எஸ்கேப் பிடித்துவிடும். பாமினியில் 'ஹ' இருப்பது அந்தக் கீயில்தான். ஒவ்வொரு 'ஹ'வுக்கும் எஃப்என் (Fn) கீயைச் சேர்த்து அழுத்த வேண்டிவரும். 65 சதவீதத்திலும் பெரும்பாலும் இதே கதைதான். 75 சதவீதம் அல்லது நம்பர் பாட் மட்டும் இல்லாத, 87 கீ உள்ள டீகேஎல் எடுத்தால் 'ஹ'வும் பழகிய இடத்திலேயே இருக்கும். கீக்ரோன் வி1 75 சதவீதம், வி3 டீகேஎல். இரண்டின் கீகளையும் வியா என்ற மென்பொருளில் விரும்பியபடி மாற்றி அமைக்கலாம். வேறு நிறுவனத்தினுடையதை எடுத்தாலும் விற்கிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: சொக்கெட் 3 பின்னா, 5 பின்னா? எல்லா நிறுவனச் சுவிட்சும் போகுமா? சில மலிவுக் கீபோட்களின் சொக்கெட் ஒடெமு சுவிட்சின் மெல்லிய பின்னை மட்டும்தான் ஏற்கும். 5 பின் சுவிட்சை 3 பின் பலகையில் போட வேண்டுமென்றால், பக்கத்தில் இருக்கும் இரண்டு பிளாஸ்ரிக் கால்களையும் நகவெட்டியால் அடியோடு வெட்டிவிடலாம்.

சுவிட்ச் மூன்று வகை. லீனியர் தடையில்லாமல் நேராக இறங்கும், டக்டைல் நடுவில் ஒரு மேடு தட்டும், கிளிக்கி சத்தம் போடும். கிளிக்கியைப் பலர் இருக்கும் அலுவலகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். செரி எம்எக்ஸ் சிவப்பு என்ற லீனியருக்கு 45 கிராம் விசை, 2 மில்லிமீற்றர் இறங்கியதும் எழுத்து விழும், முழுத்தூரம் 4 மில்லிமீற்றர். மற்றவற்றை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொடங்குகிறவருக்கு 50 கிராம் கேட்டரோன் மஞ்சள் என்ற லீனியர் நல்ல தேர்வு; விலையும் குறைவு, லூப் (உராய்வைக் குறைக்கும் கிரீஸ்) போட்டால் மிக மென்மையாகிவிடும்.

பாமினியில் மெய்யெழுத்துக்கான புள்ளி அரைப்புள்ளிக் கீயில் இருக்கிறது, அதாவது வலது சுண்டுவிரலுக்குக் கீழே. தமிழில் ஒரு பந்தி அடித்தால் அதிகம் அடிபடும் கீகளில் அது ஒன்று, அடிப்பதோ கையிலேயே பலம் குறைந்த விரல். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் 35 கிராம் கேட்டரோன் கிளியரைப் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்கத் தமிழ் அடிக்கிறவருக்கு இந்த ஒரு சுவிட்ச் கொடுக்கும் ஆறுதலை விலை கூடிய கீகெப் (கீயின் மேல்மூடி) கொடுக்காது.

வன்னியில் கீபோட்டைக் கெடுப்பது பெரும்பாலும் புழுதிதான். சோளகம் வீசும் மாதங்களில் கிறவல் றோட்டுப் பக்கத்து வீடுகளில் மேசையைத் துடைத்துச் சற்று நேரத்திலேயே செம்மண் படிந்துவிடும். அது கீகெப்பைத் தாங்கி மேலும் கீழும் போகும் தண்டின் பக்கத்தால் சுவிட்சுக்கு உள்ளே போய் லூப்போடு சேர்ந்தால் அரம்போல உரசத் தொடங்கும். உள்ளிருக்கும் உலோகத் தகடுகளுக்கு இடையில் போனால் ஒருமுறை தட்டினால் இரண்டு எழுத்து விழும், அல்லது ஒன்றும் விழாது. ஆகவே சிலுவைத் தண்டைச் சுற்றி நாலு பக்கமும் சுவர் உள்ள சுவிட்சாகப் பார்த்து எடுங்கள். ஒன்று கவனியுங்கள்: தண்டைச் சுற்றிச் சுவர் இருந்தால் புழுதி இறங்குவது குறையுமே தவிர, தகடு திறந்தபடிதான் இருக்கும். கைல் பொக்ஸ் வகையில் தகடே தனிப் பெட்டிக்குள் இருக்கிறது. றோட்டோரக் கடையிலோ நெல் ஆலை அலுவலகத்திலோ பாவிப்பதென்றால் பொக்ஸ் எடுங்கள். வேலை முடிந்ததும் ஒரு பருத்தித் துணியால் மூடிவிடுங்கள்.

கீபோட் வந்த உடனே, வேறெதுவும் கழற்ற முன்னம், இணையத்தில் உள்ள கீ ரெஸ்ரரில் எல்லாக் கீயையும் பலமுறை தட்டிப் பாருங்கள். கழற்றிய பிறகு பழுதென்று சொன்னால் விற்றவர் ஏற்கமாட்டார்.

சுவிட்சைக் கழற்றும்போது புல்லரின் (சுவிட்சைப் பிடுங்கும் குறடு) இரண்டு நுனியும் சுவிட்சின் மேல், கீழ்ப் பக்கக் கொக்கிகளை அழுத்த வேண்டும். இடம் வலமாகப் பிடித்தால் சுவிட்ச்களைத் தாங்கும் பிளேட் கீறுப்படும். திரும்பப் போட முன்னம் இரண்டு உலோகப் பின்னும் நேராக நிற்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அடிமூடி கழற்றியிருந்தால், சொக்கெட்டுக்குப் பின்னால் ஒரு விரலை அண்டக் கொடுத்து, சரியாமல் நேராக அழுத்துங்கள். அண்டக் கொடுக்காமல் பலமாக அழுத்தினால் சொக்கெட் பலகையிலிருந்து பெயரும். பெயர்ந்தால் போன் திருத்தும் கடையில் சோல்டர் பண்ணி ஒட்டலாம். போட்ட கீ வேலை செய்யாவிட்டால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் ஒரு பின் மடிந்து சுவிட்சுக்கு அடியில் படுத்திருக்கும். கழற்றி, சிறு குறட்டால் மெதுவாக நிமிர்த்தித் திரும்பப் போட்டால் சரி.

காசும் நேரமும் ஸ்டெபிலைசருக்குத்தான் முதலில் போக வேண்டும். ஸ்பேஸ்பார், என்டர், ஷிஃப்ட், பக்ஸ்பேஸ் இவற்றின் அடியில் இருக்கும் கம்பிப் பொறி அது. மலிவான கீபோட் கலகலப்பதற்குக் காரணம் அநேகமாக இதுவே. கம்பியைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டில் வையுங்கள். இரண்டு பக்கமும் படிந்து கிடக்க வேண்டும். ஒரு கால் தூக்கி நின்றால் கையால் வளைத்து நேராக்குங்கள். கம்பி முனை பிளாஸ்ரிக்குக்குள் நுழையும் இடத்தில் டைஎலெக்ட்ரிக் கிரீஸைத் தாராளமாகவும், பிளாஸ்ரிக் உரசும் சுவர்களில் கிரைடொக்ஸ் 205ஜீ0 என்ற லூப்பை மெல்லிய படலமாகவும் பூசுங்கள். அதற்குப் பிறகும் ஸ்பேஸ்பார் ஒரு பக்கம் மட்டும் சத்தம் போட்டால் அந்தப் பக்கக் கம்பி இன்னும் நேராகவில்லை.

லீனியர் சுவிட்சுக்கும் அதே 205ஜீ0 போதும். 5 மில்லிலீற்றர் குப்பி இரண்டு கீபோட்டுக்குக் காணும். சுவிட்சைத் திறந்து, 0 இலக்கத் தூரிகையை லூப்பில் நனைத்து, குப்பியின் விளிம்பில் வழித்துவிட்டு, தண்டின் நாலு பக்கமும் அடிக்கூட்டின் தண்டவாளங்களும் இலேசாக மினுங்கும் அளவுக்குப் பூசுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் கூடிவிட்டது. கீ மந்தமாக எழும்பும். டக்டைலில் தண்டின் இரண்டு கால்களிலும் பூசாதீர்கள், மேடு மழுங்கிவிடும். கை பழகும்வரை 87 சுவிட்சுக்கு நாலு மணித்தியாலம் பிடிக்கலாம். காற்றில்லாத அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், ஈரமான லூப்பில் புழுதி ஒட்டினால் பட்ட பாடெல்லாம் வீண். தையல் மெசின் எண்ணெய், சைக்கிள் கிரீஸ், டபிள்யூடி-40 எதுவும் வேண்டாம். எண்ணெய் வழிந்து புழுதியைப் பிடிக்கும், சில பிளாஸ்ரிக்கைக் கெடுக்கவும் கூடும்.

கீகெப் பிபிடி பிளாஸ்ரிக்காக எடுங்கள், ஏபிஎஸ் பிளாஸ்ரிக் சீக்கிரம் மினுமினுத்துவிடும். தமிழ் ஸ்டிக்கர் பிபிடியின் சொரசொரப்பில் சரியாக ஒட்டாது, வியர்வையில் ஓரம் கிளம்பும். பாமினி விரலில் ஏறியவருக்கு அது தேவையும் இல்லை. கீகெப்பைக் கழுவ இளஞ்சூட்டு நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். அடியில் உள்ள சிலுவைத் துளையில் நீர் தங்கும். கவிழ்த்து வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள், மாரி காலமென்றால் இரண்டு நாள்.