மலையகத்துப் பையன் தனியாகப் பெருங்கடல் படகுப் போட்டிக்குப் போவது நடக்கிற காரியமா?

கேள்வி: "ஹட்டன் பக்கம் எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன், தனி ஆளாகப் பாய்மரப் படகு ஓட்டும் பெருங்கடல் போட்டிக்குப் பயிற்சி எடுக்கப் போகிறேன் என்கிறான். இது நடக்கிற காரியமா, வெறும் பைத்தியமா?"

'பைத்தியம்' என்று நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன். எங்கள் வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், உட்கார்ந்து, எங்கள் தேத்தண்ணியையே குடித்துக்கொண்டு, என் தம்பியை அப்படிச் சொன்னவர்கள் நிறையப் பேர். நீங்கள் அந்தப் பையனுக்கு மாமாவாகவோ சித்தப்பாவாகவோ இருக்க வேண்டும். படிப்புக்கோ பாஸ்போர்ட்டுக்கோ கொஞ்சம் காசும் கொடுத்திருப்பீர்கள். கவலை நியாயம்தான், சொல்தான் சரியில்லை.

என் தம்பி ஹட்டனுக்குப் பக்கத்து டிக்கோயாவில் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவன். மாலைதீவில் ஒரு ஹோட்டலுக்குப் படகு தள்ளிவிடும் வேலைக்குப் போனான். அங்கேதான் பாய் ஏற்றி இறக்கக் கற்றுக்கொண்டான். அப்புறம் ஒரு பிரெஞ்சுக்காரரின் படகில் கையாளாகச் சேர்ந்து, இப்போது பிரான்ஸில் லோரியான் துறைமுகத்தில் படகு பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. அந்த வேலையைப் பார்த்துக்கொண்டேதான் பயிற்சி. நான் கடலோடி இல்லை, எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. அவன் சொல்லிக் கேட்டதையும் நானே தேடிப் படித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன். விஷயம் தெரிந்தவர்கள் வந்து திருத்தினால் சந்தோஷம், சண்டைக்கு வராதீர்கள்.

அவன் குறி வைத்திருப்பது மினி டிரான்சாட் என்ற போட்டி. 1977இல் தொடங்கியது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. படகு வெறும் ஆறரை மீட்டர், ஒரு லயக் காம்பராவும் (அறையும்) இஸ்தோப்பும் சேர்ந்த நீளம். அதில் ஒரே ஆள் பிரான்ஸில் கிளம்பி, கனாரித் தீவுகளில் ஒருமுறை நின்று, அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் பக்கம் போய்ச் சேர வேண்டும். சுமார் 4,000 கடல் மைல். சாட்டிலைட் போனில் வீட்டோடு கதைக்க முடியாது, இன்டர்நெட்டும் இல்லை. கிட்டத்தில் வரும் கப்பலோடு பேச விஎச்எஃப் ரேடியோ உண்டு, அவ்வளவுதான். ஆசைப்பட்டவன் எல்லாம் பெயர் கொடுத்துவிடவும் முடியாது. முதலில் சின்னப் போட்டிகளில் 1,500 மைல் ஓடியிருக்க வேண்டும். அதோடு எங்கும் நிற்காமல் தனியாக 1,000 மைல் போய், நாள் முழுக்க எழுதிய பதிவேட்டைக் காட்ட வேண்டும். நம்முடைய ஆட்கள் நினைப்பது போல ஒரு நாள் காலையில் பாயை விரித்துக்கொண்டு கிளம்புகிற கதை இல்லை.

பயிற்சி என்றதும் எல்லாரும் தண்டால், நீச்சல், தைரியம் என்றுதான் நினைக்கிறார்கள். தம்பி அதிகம் கஷ்டப்பட்டது தூங்கப் பழகத்தான். சரக்குக் கப்பல் ஒன்று 20 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில், வந்தால் 20 நிமிடத்தில் ஏழு மைலுக்குக் கொஞ்சம் குறைவாக வந்துவிடும். தண்ணீர் மட்டத்தோடு கிடக்கிற குட்டிப் படகிலிருந்து பார்த்தால், அடிவானத்தில் ஒன்றும் இல்லை என்று படுத்தவன் கண்ணைத் திறக்கும்போது கப்பல் பக்கத்தில் நிற்கலாம். எச்சரிக்கிற கருவிகள் இருக்கின்றன, ஆனால் எல்லா மீன்பிடிப் படகும் அதைப் போட்டிருக்கும் என்று நம்பிப் படுக்க முடியாது. அதனால் தனியாகப் போகிறவர்கள் இருபது நிமிடம், அரை மணி என்று துண்டு துண்டாகத்தான் தூங்குகிறார்கள்.

இதை அவன் லீவில் வந்தபோது எங்கள் வீட்டில் பழகினான். மார்கழிக் குளிர். அலாரத்தை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்துவிடுவான், சத்தம் ஊருக்கே கேட்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அது அலறும். எழும்பி, கதவைத் திறந்து, வெளியே இருட்டில் நின்று நாலு பக்கமும் பார்ப்பான். கொப்பியில் ஏதோ எழுதிவிட்டு வந்து திரும்பப் படுப்பான். லயத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், பக்கத்துக் காம்பராவில் இருமினாலே இங்கே தூக்கம் போகும். இரண்டாம் நாளே வரிசை முழுக்கக் கண் சிவந்து நின்றது. ஒருவர் காதல் தோல்வி என்றார். இன்னொருவர் "பையன் குடு அடிக்கிறான், பொலிஸுக்குச் சொல்லுங்க" என்றார். அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவனைப் பூசாரியிடம் கூட்டிப் போய்க் கையில் கயிறு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவனும் மறுக்கவில்லை, வந்த கையோடு அலாரத்தைத் திருகி வைத்தான்!

கடைசியில் தோட்டத்து வாச்சரிடம் (காவல்காரரிடம்) கேட்டு, இரவில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் படுக்கையை மாற்றினான். நாய்களுக்குத்தான் தொந்தரவு. அந்தக் கொப்பியை நான் பார்த்தேன். எந்த நேரத்தில் படுத்த உடனே தூக்கம் பிடிக்கிறது, எந்த நேரத்தில் எழும்பினால் தலை வேலை செய்யவில்லை என்று கட்டம் போட்டு எழுதியிருந்தான். உடம்பு தானாகத் தூங்கக் கேட்கிற நேரம் ஆளுக்கு ஆள் வேறாம், அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு அப்போது மட்டும் படுக்க வேண்டுமாம். அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். "விடியக் காலம் எழும்பிப் பெரட்டுக்கு ஓடின எங்களுக்கு ஒருத்தனும் பயிற்சி குடுக்கலியே" என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது. அதற்குப் பிறகு பூசாரி பேச்சு வரவில்லை.

விலாசம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். லயத்தில் எங்கள் காம்பராவுக்கென்று விலாசம் கிடையாது, எல்லார் கடிதமும் தோட்டத்து ஆபிஸுக்குப் போகும். அங்கே யாருக்கு நேரம் இருக்கிறதோ, யாருக்கு மனம் வருகிறதோ, அப்போது வரும். தம்பிக்கு வந்த ஒரு முக்கியமான கடிதம் ஒரு மேசையில் கிடந்து, குறித்த திகதி போன பிறகுதான் எங்கள் கைக்கு வந்தது. விசா படிவத்தில் 'வசிப்பிடச் சான்று' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இருநூறு வருடம் இருந்தவர்களுக்கு அந்தக் கட்டத்தில் எழுத வீட்டு இலக்கம் இல்லை. இந்தியாவிலிருந்து நம்மைத் தோட்ட வேலைக்குக் கொண்டுவந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்தார்களே, அந்த வழியாக அன்று வந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துத்தான் "உங்களுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்கிறார்கள். கடலைத் தாண்டித்தானே ஐயா கொண்டுவந்து இறக்கினீர்கள்.

ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது, மறைக்கவில்லை. இந்தியக் கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமி 2018 செப்டம்பரில், உலகைத் தனியாகச் சுற்றி வரும் கோல்டன் குளோப் போட்டியின் நடுவில், இந்து சமுத்திரத்தில் பாய்மரம் முறிந்து முதுகு அடிபட்டுக் கிடந்தார். மூன்று நாள் கழித்துப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து தூக்கியது. அந்தச் செய்தி வந்தபோது அம்மா தம்பிக்கு மாலைதீவு வேலையே வேண்டாம் என்று ஒப்பாரி வைத்தார். ஆனால் அதே மனிதர் திரும்பப் போய் 2023இல் அதே போட்டியில் இரண்டாவதாக வந்தார். 2020இல், அதே மாதிரி தனியாக உலகைச் சுற்றும் வோந்தே குளோப் போட்டியில் கெவின் எஸ்கோஃபியேயின் படகு அலையில் மடிந்து உடைந்தது. அவரைத் தேடி எடுத்தது சக போட்டியாளரான ஜான் லு காம். தனியாகப் போவது என்றால் ஆளே இல்லாமல் அநாதையாகப் போவது என்று நினைக்காதீர்கள்.

நான் பயப்படுவது புயலுக்கு இல்லை, தவறி விழுவதற்கு. ஆள் தண்ணீரில் விழுந்தாலும், தானாகத் திசை பிடிக்கிற ஓட்டோ பைலட் கருவி படகை ஓட்டிக்கொண்டே போய்விடும், திருப்ப யாரும் இல்லை. இடுப்பு வாரைக் கயிற்றில் மாட்டாமல் மேல்தளத்துக்கு வருவதில்லை என்று தம்பியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். 1,000 மைல் ஓட்டத்துக்கு அயர்லாந்துப் பக்கம் போய்த் திரும்பியபோது எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

உங்கள் பையனிடம் "பயமில்லையா" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வான். நீச்சல் தெரியுமா, இயந்திரத்தையும் மின் இணைப்பையும் தானே பிரித்துப் பூட்டுவானா, வரைபடம் பார்க்கத் தெரியுமா, எடுத்த வேலையை எழுதி வைக்கிற பழக்கம் உண்டா என்று பாருங்கள். நுவரெலியா கிரகரி வாவியில் மிதிபடகு ஓட்டிவிட்டு இதைப் பேசுகிறான் என்றால் முதலில் கொழும்புக்குத் தெற்கே பொல்கொட வாவிப் பக்கம் அனுப்புங்கள், அங்கே சின்னப் பாய்ப் படகுகள் ஓட்டிப் பழகலாம். காசு விஷயம் கஷ்டம்தான். பழைய படகு ஒன்றே இங்கே வீடு கட்டுகிற காசு கேட்கும். தம்பியிடம் இன்னும் சொந்தப் படகு இல்லை, வாடகைக்கு எடுத்துத்தான் ஓடுகிறான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

இன்னொன்று. "ஆம்பளைப் பிள்ளை என்பதால் விட்டீர்கள், தங்கச்சியாக இருந்தால்?" என்று யாராவது கட்டாயம் கேட்பீர்கள். டோமி இரண்டாவதாக வந்த அந்தப் போட்டியில் முதலாவதாக வந்தவர் கிர்ஸ்டன் நொய்ஷேஃபர், தென்னாபிரிக்கப் பெண்.