பழைய மணிக்கூடுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோப்பாய் வாசகர் ஒருவர்: அப்பாவின் சீக்கோ ஃபைவ் மணிக்கூடு இருபது வருடங்களுக்கு மேலாக அலுமாரிக்குள் கிடந்தது. குலுக்கினால் சில நிமிடங்கள் ஓடி நின்றுவிடுகிறது. டயலில் சிறு புள்ளிகளும் உறையில் கீறல்களும் உள்ளன. எல்லாவற்றையும் புதிதாக்கித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? இது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதை அறிய வழி உண்டா?

முதலில், குலுக்கிப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். மணிக்கூட்டுக்குள் இருக்கும் எண்ணெய் ஊசி நுனியளவுதான். வருடக்கணக்காக ஓடாமல் கிடக்கும்போது அது வற்றிப்போகும், அல்லது பிசின்போல் இறுகிவிடும். அந்த நிலையில் சக்கரங்களை ஓடவிட்டால் மெல்லிய உருக்கு அச்சுகள் தேயத் தொடங்கும். சில நிமிடங்களாவது ஓடுகிறது என்பது நல்ல செய்தி. இருபக்கமும் ஆடி நேரத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முறியவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.

திருத்துபவரிடம் கொடுக்கும்போது, மெஷினை முழுவதுமாகக் கழற்றுவாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பெற்றோலில் முக்கியெடுத்து மேலால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது சேர்விஸ் ஆகாது. முறையாகச் செய்பவர் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகக் கழுவுவார். மணிக்கூட்டை ஓடவைக்கும் மெயின் ஸ்பிரிங் இருக்கும் டப்பியையும் திறந்து துடைப்பார். வேகமாக அசையும் அச்சுகளுக்கு மெல்லிய எண்ணெயும் பாரம் தாங்கும் இடங்களுக்குத் தடித்த எண்ணெயும் இடுவார். பின்னர் மணிக்கூட்டைப் படுக்கவைத்தும் நிமிர்த்திவைத்தும் சில நாட்கள் நேரம் பார்த்த பிறகே கையில் தருவார். அதற்கு இரண்டு கிழமை கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

ஆண்டை அறிவது சீக்கோவில் எளிது. பின்மூடியில் நடுவே கோடிட்ட எட்டு இலக்க எண் ஒன்று இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கங்கள் மெஷினையும் அடுத்த நான்கு இலக்கங்கள் உறையையும் குறிக்கும். தனியாக இருக்கும் ஆறு இலக்கத் தொடர் எண்ணில் முதலாவது ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒக்ரோபருக்கு 'ஓ', நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டீ' என்ற ஆங்கில எழுத்துகள் வரும். எந்தத் தசாப்தம் என்பதை மெஷின் எண்ணைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். உதாரணமாக, 6119 என்ற மெஷின் அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் வந்தது. அத்தகைய மணிக்கூட்டின் தொடர் எண் 2 இல் தொடங்கி அடுத்து 'என்' என்று இருந்தால், அது 1972 நவம்பரில் செய்யப்பட்டது.

புதிதாக்கும் யோசனையை நான் உறுதியாக மறுக்கிறேன். பழைய சீக்கோவின் உறையில் மினுக்கிய பக்கமும் கோடு கீறியதுபோன்ற மங்கிய பக்கமும் கூர்மையான ஒரு விளிம்பில் சந்திக்கும். மினுக்கும் சில்லில் ஒருமுறை பிடித்தாலே அந்த விளிம்பு மழுங்கிவிடும். தேய்ந்துபோன உலோகத்தைத் திரும்ப வைக்க எவராலும் முடியாது. டயலுக்கும் இதுவே பொருந்தும். தொழிற்சாலையில் பதித்த எழுத்தை அழித்துவிட்டு மேலே புதிதாக எழுதினால் அது உங்கள் அப்பா பார்த்த டயலாக இருக்காது, விலையும் விழும். கண்ணாடி, பட்டி, நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் ஆகிய மூன்றையும் தயக்கமின்றி மாற்றலாம். புள்ளிகள் இருக்கட்டும்.

மானிப்பாய் வாசகி ஒருவர்: இணையத்தில் எச்.எம்.ரி., ஃபேவர் லூபா மணிக்கூடுகள் மலிவாக விற்கப்படுகின்றன. 1960களுக்குரியவை என்கிறார்கள், ஆனால் செம்மஞ்சள், பச்சை, நீலம் என்று டயல்கள் நேற்றுச் செய்தவைபோல் பளிச்சென்று உள்ளன. கணவரின் பிறந்தநாளுக்கு ஒன்று வாங்கலாமா?

உங்கள் சந்தேகம் சரியானது, வாங்க வேண்டாம். இரண்டுமே மதிப்புக்குரிய பெயர்கள். எச்.எம்.ரி. 1961இல் ஜப்பானின் சிற்றிசன் கொம்பனியுடன் சேர்ந்து பெங்களூரில் மணிக்கூடு செய்யத் தொடங்கியது. அதன் 'ஜனதா', சாவி கொடுத்து ஓடும் எளிமையான நல்ல மணிக்கூடு. ஃபேவர் லூபா 1737ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கூறும் சுவிஸ் பெயர்; இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் பரவியிருந்தது. இவ்வளவு பரவலாக இருந்ததனால்தான் பழுதானவையும் ஏராளமாகக் கிடைக்கின்றன. மூன்று நான்கு மணிக்கூடுகளின் உறுப்புகளை ஒன்றாகப் பூட்டி, டயலுக்கு வர்ணம் பூசி, பெயரை மீண்டும் பதித்து விற்கும் தொழில் இந்தியாவில் பெரிதாக நடக்கிறது. உள்ளே இருக்கும் மெஷின் உண்மையான பழைய மெஷினாக இருக்கலாம். ஆனால் நீங்கள் பணம் கொடுப்பது ஒரு முழு மணிக்கூட்டுக்கு.

எந்தப் பழைய மணிக்கூட்டை வாங்கும்போதும் படத்தைப் பெரிதாக்கி, அல்லது கையில் இருந்தால் திருத்துபவரின் லென்ஸை வாங்கி, டயலைப் பாருங்கள். தொழிற்சாலை எழுத்தின் விளிம்பு கூராகவும் மை ஒரே தடிப்பாகவும் இருக்கும். மீண்டும் பதித்த எழுத்தில் மை பரவியிருக்கும், ஒரே சொல்லுக்குள் எழுத்துகளின் உயரம் மாறும். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளின் நடுவோடு நேராகச் சந்திக்கின்றனவா என்று பன்னிரண்டிலும் ஆறிலும் பாருங்கள். சுவிஸ் மணிக்கூடானால், அடியில் இருக்க வேண்டிய 'ஸ்விஸ் மேட்' என்ற சொற்கள் விளிம்புக்குள் பாதி மறைந்தோ முற்றாக இல்லாமலோ இருந்தால் காரணம் கேளுங்கள். நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொட வேண்டும். எட்டாமல் நின்றால் அந்த முள் வேறொரு மணிக்கூட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம். டயலில் 17 கல் (அச்சுகள் சுழலும் இடத்தில் பதிக்கும் சிறு ரூபிகள்) என்று எழுதியிருந்தால் மெஷினிலும் அதுவே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே பின்மூடியைத் திறந்து எடுத்த படம் கேளுங்கள். அதைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

நம்மூரில் மாப்பிள்ளைக்குப் போடும் மணிக்கூடாகப் பெயர்பெற்ற ராடோவுக்குத் தனியாக ஒரு அடையாளம் உண்டு. அதன் பழைய தானியங்கி (கை அசைவில் தானாகச் சாவி ஏறும்) மணிக்கூடுகளின் டயலில் இருக்கும் சிறு நங்கூரம், மணிக்கூட்டைச் சாய்த்தால் தானாகச் சுழலும். சுழலாமல் இருந்தால் அழுக்குப் பிடித்திருக்கலாம், அதைச் சரிசெய்யலாம். வெறும் அச்சுப் படமாக இருந்தால் வாங்காதீர்கள்.

சுன்னாகம் வாசகர் ஒருவர்: 17 கல், 21 கல், 25 கல் என்கிறார்கள். கல் கூடினால் மணிக்கூடு சிறந்ததா?

இல்லை. கல் என்பது அச்சு சுழலும் இடத்தில் தேய்மானத்தைக் குறைக்கப் பதிக்கும் செயற்கை ரூபி. சாவி கொடுக்கும் மணிக்கூட்டுக்கு 17 போதும். தானியங்கிக்கு 21 முதல் 25 வரை பயன் உண்டு. 1960களில் 100 கல் பதித்த மணிக்கூடுகளும் வந்தன. அவற்றில் பெரும்பாலான கற்கள் விளம்பரத்துக்கு உதவினவே தவிர ஓட்டத்துக்கு உதவவில்லை.

பருத்தித்துறை வாசகர் ஒருவர்: தாத்தாவின் மணிக்கூட்டில் இருளில் ஒளிரும் பூச்சு கறுத்து உதிர்கிறது. சுரண்டியெடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம் என்று நினைக்கிறேன்.

தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள். 1960களுக்கு முற்பட்ட மணிக்கூடானால் அந்தப் பூச்சில் ரேடியம் இருக்கக்கூடும். ரேடியத்தின் கதிர்கள் பூச்சில் கலந்திருக்கும் நாக சல்பைட்டைத் தாக்கியதால்தான் அது ஒளிர்ந்தது. இன்று ஒளிராததற்குக் காரணம் நாக சல்பைட்டு சிதைந்துபோனதுதான். ரேடியம் அப்படியே இருக்கிறது. அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், ஏறத்தாழ 1600 ஆண்டுகள். மூடிய மணிக்கூட்டை இடைக்கிடை கையில் கட்டுவதைவிட, சுரண்டும்போது எழும் தூளை மூச்சோடு உள்ளிழுப்பதும் விரல் வழியாக விழுங்குவதும் பன்மடங்கு ஆபத்தானவை. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தூரிகையை உதட்டால் கூராக்கி டயல்களுக்கு இந்தப் பூச்சைப் பூசிய இளம் பெண்கள் பலர், தாடை எலும்பு சிதைந்தும் புற்றுநோய் கண்டும் இறந்தார்கள். உங்கள் மணிக்கூட்டில் பூச்சு ஏற்கெனவே உதிர்கிறது என்பதால் கையில் கட்டாமல், காற்றோட்டமான இடத்தில், ஒரு சிறு பைக்குள் மூடி, படுக்கையறைக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாமல் வையுங்கள். தொட்டால் கையைக் கழுவுங்கள். திருத்தக் கொடுத்தால் திருத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் தினமும் அந்த மேசையில் குனிந்திருப்பவர்.

டயலின் அடியில் 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இருபுறமும் 'ரீ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், பூச்சில் இருப்பது திரித்தியம் என்ற வேறொரு கதிர்வீசும் பொருள். அதன் அரைவாழ்வுக் காலம் 12 ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். கதிர்களும் மிக மெலிந்தவை. அப்படியானால் அச்சம் குறைவு. அப்போதும் சுரண்ட வேண்டாம்.

சாவகச்சேரி வாசகர் ஒருவர்: வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. பழைய மணிக்கூடுகளைச் சேர்க்க விருப்பம். சேமித்த பணத்தில் ஒமேகா ஒன்றை வாங்கலாமா, அல்லது மலிவாக ஐந்தாறு வாங்கலாமா?

இரண்டும் வேண்டாம். நன்றாக ஓடும் சீக்கோ அல்லது சிற்றிசன் தானியங்கி ஒன்றை வாங்கி, ஒரு வருடம் கட்டுங்கள். ஒமேகா அருமையான மணிக்கூடுதான். ஆனால் போலியும் கலப்படமும் மிகுந்த பெயர் அது. பிழையாக வாங்கினால் சேமிப்பு முழுவதும் போய்விடும், சரியாக வாங்கினாலும் உதிரிப்பாகம் விலை கூடியது. ஐந்தாறு மலிவு மணிக்கூடுகளை வாங்கினால் ஐந்தாறு சேர்விஸ் செலவுகள் உங்களுக்காகக் காத்திருக்கும்.

சீக்கோவைச் சொல்வதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மத்திய கிழக்குக்குப் போனவர்கள் கொண்டுவந்த ஜப்பானிய மணிக்கூடுகள் இங்கே வீட்டுக்கு வீடு இருந்தன; அதனால் அவற்றின் மெஷினை நன்கு அறிந்த திருத்துபவர்களும் பழைய உதிரிப்பாகங்களும் இன்னும் கிடைக்கின்றன. 1963இல் வந்த முதல் சீக்கோ ஃபைவ், தானாகச் சாவி ஏறுவது, கிழமையையும் திகதியையும் ஒரே சாளரத்தில் காட்டுவது, நீரைத் தாங்குவது, குமிழ் நான்கு மணிப் பக்கம் ஒதுங்கியிருப்பது, உறையும் பட்டியும் உறுதியாயிருப்பது என்ற ஐந்து குணங்களோடு வந்தது. கை எந்தப் பக்கம் அசைந்தாலும் சாவி ஏற்றும் சிறு நெம்புகோல் ஒன்றை அந்தக் கொம்பனி 1959இல் உருவாக்கியிருந்தது. 1969 டிசம்பர் 25ஆம் திகதி அதே கொம்பனி வெளியிட்ட, பற்றறியில் ஓடும் குவாட்ஸ் மணிக்கூடு உலகத்தையே பற்றறிப் பக்கம் திருப்பியது. ஆனால் தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையினால் வடக்கில் பற்றறி கிடைப்பது அரிதாக இருந்தபோது, இங்கே கை அசைவில் ஓடிய மணிக்கூடுகளின் மதிப்புத் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் இதைச் சேர்க்க விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை என்பது என் கருத்து.

வாங்கியபின் திருத்துபவரோடு பழகுங்கள். வேலை இல்லாத ஒரு பொழுதில், பின்மூடியைத் திறந்து லென்ஸ் வழியாகப் பார்க்க அனுமதி கேளுங்கள். பேலன்ஸ் சக்கரம் இருபக்கமும் வீசியாடும்போது, அதன்மேல் இருக்கும் ஹேர்ஸ்பிரிங் என்ற மயிர்போன்ற சுருள்வில் சுருங்கி விரிவதைப் பார்க்கலாம்; நன்றாக ஓடும் மெஷினில் அதன் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல், எல்லாப் பக்கமும் சமமாக விரியும். பின்பு காதில் வைத்துக் கேளுங்கள். பழைய சாவி மணிக்கூடுகளில் பல மணிக்கு 18,000 முறை, அதாவது வினாடிக்கு ஐந்து முறை துடிக்கும். சீக்கோ ஃபைவ்களில் பல 21,600 முறை, அதாவது வினாடிக்கு ஆறு முறை. சில மாதங்களில் அந்த வேறுபாடு காதுக்குப் பழகிவிடும். இதில் கிடைக்கும் இன்பத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. பெட்டி நிறைய மணிக்கூடுகளை அடுக்கிவைப்பதில் இல்லை.

இன்னொன்று. அயலில் ஒரு குடும்பம், இறந்துபோனவரின் மணிக்கூட்டை விற்க முன்வந்தால், அதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்த விலையை முதலில் சொல்லிவிட்டு, பிறகு உங்களால் எவ்வளவு முடியும் என்று பேசுங்கள்.

காரைநகர் வாசகர் ஒருவர்: பின்மூடியில் நீர் புகாது என்று பொறித்திருக்கிறது. கிணற்றடியில் குளிக்கும்போது கட்டலாமா? அண்மைக் காலமாக மணிக்கூடு திடீரென நாளொன்றுக்குப் பத்து நிமிடம் கூடி ஓடுவது ஏன்?

கட்ட வேண்டாம். அந்த எழுத்து, ரப்பர் வளையம் புதிதாக இருந்த நாளுக்கு உரியது. உங்கள் ஊரின் உப்புக் காற்றும் வியர்வையும் அதைச் சீக்கிரம் காயவைத்து வெடிக்கச் செய்யும். மாலையில் கழற்றியதும் மெல்லிய பருத்தித் துணியால் பின்மூடியையும் குமிழைச் சுற்றியும் துடையுங்கள். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அன்றைக்கே திருத்துபவரிடம் கொண்டுபோக வேண்டும். வெயிலில் காயவைத்தால் ஈரம் உள்ளேயே இடம் மாறி, சிறு உருக்கு உறுப்புகளில் துருவாகும்.

கூடி ஓடுவதற்குப் பெரும்பாலும் காந்தமே காரணம். கைத்தொலைபேசி, காந்தப் பூட்டுள்ள தொலைபேசி உறை, ஒலிபெருக்கி ஆகியவற்றின் பக்கத்தில் இரவில் வைத்திருந்தால், ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு மணிக்கூடு விரைந்து ஓடும். ஒரு சாதாரண திசையறி கருவியை மணிக்கூட்டின் அருகில் கொண்டுபோங்கள். அதன் முள் வெடுக்கென்று திரும்பினால் காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் எடுக்கும் கருவி திருத்துபவரிடம் இருக்கும், வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பழைய மணிக்கூடு நாளொன்றுக்கு அரை நிமிடம் முன்பின்னாக ஓடினால் அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. காந்தம் எடுத்த பின்னரும் பத்து நிமிடம் கூடினால், ஹேர்ஸ்பிரிங்கில் எண்ணெய் ஒட்டியிருக்கிறதா, கீழே விழுந்தபோது சுற்றுகள் சிக்கியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த நாளில் எத்தனை நிமிடம் கூடியது என்பதை ஒரு துண்டில் எழுதி மணிக்கூட்டோடு கொடுத்தால் அவருக்கு வேலை எளிதாகும்.