சில நேரம் மட்டும் தரைவரை இறங்கும் பிரேக் பெடல்

வணக்கம். உங்கள் பிக்கப் வண்டியின் பிரேக் பெடல் சில நேரங்களில் மட்டும் தரைவரை இறங்குகிறது, அடுத்தடுத்து மிதித்தால் மீண்டும் பிடிக்கிறது, பிரேக் ஆயில் அளவு குறையவில்லை, பேடுகளை மாற்றியும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் தெரியும்வரை தயவுசெய்து அந்த பிக்கப்பைச் சாலையில் எடுக்காதீர்கள். சுமையோடு நிச்சயமாக வேண்டாம்.

வெளியே கசிவே இல்லாததால், என் முதல் சந்தேகம், பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர்மீதுதான். அதனுள் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்துவிட்டால், அழுத்தம் பெற்ற ஆயில் சக்கரங்களுக்குப் போகாமல் பிஸ்டனைத் தாண்டிப் பின்னால் வந்துவிடும். ஓங்கி மிதித்தால் சீலின் விளிம்பு சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், மென்மையாக மிதித்தால் நழுவும். குறை வந்து வந்து போவது அதனால்தான். சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, என்ஜினை ஓடவிட்டு, பெடலை லேசாக மிதித்தபடி ஒரு நிமிடம் காலை எடுக்காமல் வைத்திருங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால் சிலிண்டரை முழுவதுமாக மாற்றிவிடுங்கள். சீல் கிட் மட்டும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உட்சுவரில் துருவோ கீறலோ இருந்தால் புதிய சீலும் விரைவில் கெட்டுவிடும்.

நீண்ட இறக்கங்களில் மட்டும் இப்படி நேர்கிறது என்றால், ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் சூட்டில் கொதித்து ஆவியாகிறது என்று கொள்ளலாம். டாட் 3 (DOT 3) என்ற பிரேக் ஆயில் வகைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 140 மட்டுமே. அப்போது ஆயிலை முழுவதும் மாற்றி, நான்கு சக்கரங்களிலும் பிரேக் குழாய்களுக்குள் இருக்கும் காற்றை எடுக்கச் சொல்லுங்கள்.