கோராபுட்டுக்குப் போகும் கோத்தகிரி தங்கைக்கு

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் கணவரோடு இரண்டு மாதம் ஒடிசாவின் கோராபுட்டில் தங்கப் போவதாகவும், ஆப்பிரிக்காவில் கர்ப்பிணிகளுக்குத் தருகிற மலேரியா தடுப்பு மாத்திரையை நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருவார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். தரமாட்டார்கள். அந்த மாத்திரை அங்குள்ள கர்ப்பகாலப் பரிசோதனைத் திட்டத்தில் உள்ளது. இந்தியாவில் மருந்து தடவிய கொசுவலையும், காய்ச்சல் வந்தவுடன் ரத்தப் பரிசோதனையும்தான் வழி.

வலையை அலட்சியமாக நினைக்காதீர்கள். மலேரியா கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும். என் அக்கா ஒடிசாவில் கர்ப்பமாக இருந்தபோது இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருப்பார். திரும்பிப் படுக்கும்போது தூக்கக் கலக்கத்தில் வலையை மெத்தைக்கடியில் செருகாமல் விட்டுவிடுவார். அந்தப் பக்கத்தை உங்கள் கணவர் கவனிக்கட்டும்.

கிளம்பும் முன் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிட்டு, ரத்த அளவும் பார்த்துவிடுங்கள். நஞ்சுக்கொடியில் மலேரியா கிருமி தங்கினால் தாய்க்கு ரத்தசோகை வரும், குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். அதனால் இரும்புச்சத்து மாத்திரையை விடவே கூடாது.

காய்ச்சல் வந்தால் அன்றே பரிசோதனை. வீட்டில் மிச்சமிருக்கும் மலேரியா மாத்திரை எதையும் போடாதீர்கள். அவற்றில் ஒன்றான பிரைமாகுயின் கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

அப்புறம், கோத்தகிரி திரும்பிச் சில மாதம் கழித்துக் குளிர்காய்ச்சல் வந்தாலும், ஒடிசா போய் வந்ததை டாக்டரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். அதுவும் மலேரியாவாக இருக்கலாம்; நம் மலைக் குளிரில் அதைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.