கரையில் உட்கார்ந்திருந்த தோழி

வணக்கம்.

போன மாதம், ஒன்றாகப் படித்த நாங்கள் பதினாறு பேர் ஒரு வெந்நீர் அருவிக்கு ஒருநாள் பயணமாகப் போனோம். எல்லாரும் தண்ணீரில் இறங்கியே ஆகவேண்டும், யாரும் ஒதுங்கி நிற்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஒரு தோழி மட்டும் கடைசிவரை கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். காரணம் கேட்டால் சிரித்தாள். எவ்வளவு இழுத்தும் வரவில்லை. எங்கள் உற்சாகமே குறைந்துவிட்டது. அடுத்த வருடமும் போக நினைக்கிறோம். அந்தத் தண்ணீரில் மூட்டு வலி தீரும் என்கிறார்களே, உண்மையா? எவ்வளவு நேரம் நனையலாம்? சோப்பு கொண்டுபோகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சூட்டில் தசை இளகும், வலி கொஞ்ச நேரம் அடங்கும். நோய் தீராது. சோப்பு வேண்டாம், கீழே ஓடும் தண்ணீரில் உயிர்கள் இருக்கின்றன. சரி, அது முடிந்தது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘எவ்வளவு இழுத்தும்’ என்ற சொல். கூட்டமாகப் போகிறவர்கள் தங்களில் ஒருவரின் உடம்பு மீது எப்படி இவ்வளவு சுலபமாக உரிமை எடுத்துக்கொள்கிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டு வாசலில் கையைப் பிடித்து இழுத்தால் சண்டை வரும். அருவிக்கரையில் இழுத்தால் அதற்குப் பெயர் நட்பு!

நீங்கள் இறங்கிய தண்ணீர் எப்போதோ பெய்த மழை. பாறைப் பிளவுகள் வழியாகக் கீழே போய், பல இடங்களில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் 25 முதல் 30 டிகிரி வரை சூடேறி, விரிசல் கிடைத்த இடத்தில் மேலே வருகிறது. எரிமலைப் பகுதியாக இருந்தால் அவ்வளவு ஆழம்கூடத் தேவையில்லை. இத்தாலியின் சாத்தூர்னியா அருவியில் அது சுமார் 37 டிகிரி, கிட்டத்தட்ட நம் உடம்புச் சூடு. ஜோர்டானின் மாயின் பள்ளத்தாக்கில் சில ஊற்றுகள் 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும். ஒரே அருவியிலும் தண்ணீர் விழுந்து தெறிக்கும் இடத்தில் ஆறியிருக்கும், ஊறி வரும் வாயில் கொதிக்கும். இடத்துக்கு இடம் இப்படி மாறுகிற தண்ணீரில் பதினாறு உடம்புகளுக்கும் ஒரே விதி வைத்திருக்கிறீர்கள்.

சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். அதற்கு ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர் சட்டென்று எழுந்தால் பாறைமேலேயே மயங்கி விழலாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்குச் சூடு சுடுவதே தெரியாது. ஆறாத தையல் இருக்கலாம், மாதவிலக்காக இருக்கலாம், உடம்பைப் பிறர் பார்ப்பது பிடிக்காமல் இருக்கலாம். இதையெல்லாம் வேனில் எழுந்து நின்று பதினைந்து பேருக்கு அறிவிக்க வேண்டுமா?

என் அக்காவுக்கு இது நடந்தது. உறவுக்காரர்கள் ஒரு வேன் நிறையப் போயிருந்தோம். அக்கா கால் மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று பெண்கள் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் பிடித்து இடுப்பளவு தண்ணீருக்கு இழுத்துப் போய்விட்டார்கள். அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் கொலுசு கழன்றுவிட்டது என்று ஏதோ சொல்லிக் கரையேறினாள். அன்றிரவு என்னிடம் மட்டும் சொன்னாள், நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று. அதற்கு முன்பு ஒரு கரு கலைந்திருந்ததால் இந்த முறை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். முதல் மாதங்களில் உடம்பின் உள்சூடு ஏறினால் குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாவது பாதிக்கப்படலாம் என்பதால்தான் சூடான தொட்டிக் குளியலைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அந்த மாதங்கள் முழுக்க அவள் தூங்காமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இழுத்த மூன்று பேருக்கும் இன்றுவரை அது தெரியாது. அவர்கள் கெட்டவர்களும் அல்ல. அவர்களுக்கு அந்த நாள் ஒரு சந்தோஷமான பயணம், அவ்வளவுதான்.

உங்கள் தோழியின் காரணம் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை. அவள் சிரித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டு கேட்கும்போது வேறென்ன செய்வாள்? உங்கள் உற்சாகம் குறைந்ததற்கு அவளைப் பொறுப்பாக்குவது அநியாயம், எஸ். இவ்வளவு தூரம் உங்களோடு வந்தாளே, அதை ஏன் எழுதவில்லை?

எவ்வளவு நேரம் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நிமிடம். அப்புறம் வெளியே வந்து தண்ணீர் குடித்து உடம்பை ஆறவிட்டு மறுபடி இறங்கலாம். மது கூடவே கூடாது. தேங்கிய வெந்நீரில் தலையை முக்காதீர்கள், மூக்கு வழியாக ஏறி மூளையைத் தாக்கும் அமீபா ஒன்று உண்டு. மிக அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். மேலே மழை பெய்து தண்ணீர் சட்டென்று கலங்கினால் எல்லாரும் உடனே கரையேற வேண்டும். அதைக் கவனிக்கக் கரையில் எப்போதும் ஒருவராவது இருக்க வேண்டும். அந்த வேலையை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். இறங்காதவளைப் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் வைத்துவிடாதீர்கள்.

அடுத்த வருடத்துக்குத் தேதி குறிக்கும் முன் முதல் போன் அவளுக்குப் போகட்டும். எந்த நாள் தோதுப்படும் என்று மட்டும் கேளுங்கள்.