கணினி கேள்வி–பதில்: பழைய கோடில் கை வைக்கலாமா?

கேள்வி: சார், ஓபன் சோர்ஸில் ஏதாவது செய்து பார்க்கலாமே என்று இணையத்தில் போகும் தகவலை மறைகுறியாக்கும் நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லின் கோடைத் திறந்தேன். தலை சுற்றுகிறது. தேவையே இல்லாத மாதிரி வரிகள், சுற்றி வளைத்து எழுதிய லூப்கள். இதையெல்லாம் சுத்தம் செய்து அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களா?
— பொறியியல் மாணவர், கோவை

பதில்: எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அதற்கு முன்னால் டெபியன்காரர்கள் பட்ட பாட்டைக் கேட்டுவிடுங்கள். டெபியன் லினக்ஸுக்காக ஓபன்எஸ்எஸ்எல்லைப் பராமரித்தவருக்கு 2006-இல் ஒரு தலைவலி. மெமரித் தவறுகளைப் பிடிக்கும் வால்கிரைண்ட், ‘மதிப்பே வைக்காத மெமரியைப் படிக்கிறாய்’ என்று ஓயாமல் எச்சரித்துக்கொண்டிருந்தது. ரேண்டம் எண் தயாரிக்கும் ஃபைலில் இரண்டு இடங்களில் இருந்த ஒரு வரிதான் காரணம். ஓரிடத்தில் அது, ரேண்டம் எண் கேட்டு வருபவரின் பஃபரில் (தற்காலிக மெமரி இடத்தில்) ஏற்கெனவே கிடக்கும் குப்பையையும் போகிற போக்கில் கலந்துகொள்ளும், எடுத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. இன்னோர் இடத்திலோ, வெளியிலிருந்து வரும் ரேண்டம் சரக்கு அத்தனையும் உள்ளே நுழைகிற வாசலே அந்த வரிதான். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல இருந்ததால், இரண்டையுமே கமென்ட் ஆக்கி, ஓடாமல் செய்துவிட்டார். இத்தனைக்கும் ஓபன்எஸ்எஸ்எல் ஆட்களிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தார். வேண்டாம் என்று பதில் வரவில்லை.

வால்கிரைண்ட் அமைதியானது. புரோகிராம் ஓடியது, அந்த ரேண்டம் எண்களிலிருந்து மறைகுறியாக்கச் சாவிகள் உருவாயின, பார்த்தால் எல்லாம் ரேண்டமாகத்தான் தெரிந்தன. ஆனால் கலவையில் மாறக்கூடியதாக மிஞ்சியது பிராசஸ் எண் (ஓடும் புரோகிராமுக்கு சிஸ்டம் தரும் எண்) ஒன்றுதான். ஒரு வகைக் கம்ப்யூட்டரில், ஒரே நீளத்தில், ஒரே ரகச் சாவி என்று எடுத்துக்கொண்டால் மொத்தமே 32,768 சாவிகள். அத்தனையையும் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம், பெரிய மெஷின்கூட வேண்டாம். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொல்லும் வரை, ஏறத்தாழ இருபது மாதம், டெபியனிலும் அதிலிருந்து வந்த உபுண்டுவிலும் இதே கதைதான். பேட்ச் போட்டாலும் தீராது, அந்த இடைவெளியில் பிறந்த, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவி, சான்றிதழ் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

எனவே தம்பி, அசிங்கமாக இருக்கிறது என்பது வேறு, வேலை செய்யாமல் கிடக்கிறது என்பது வேறு. சாதாரண புரோகிராமில் தப்பாக அழித்தால் ஏதாவது உடையும், யாராவது கத்துவார்கள். இங்கே எதுவும் உடையாது, அதுதான் ஆபத்து.

கேள்வி: அப்படியென்றால் லிப்ரெஎஸ்எஸ்எல்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வெட்டித் தள்ளினார்களே, அது மட்டும் சரியா?
— ஐடி ஊழியர், சென்னை

பதில்: கண்ணை மூடிக்கொண்டு இல்லை, கோபத்தில். லிப்ரெஎஸ்எஸ்எல் என்பது, ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் ஆட்கள் ஓபன்எஸ்எஸ்எல் கோடைத் தனியே பிரித்தெடுத்து வளர்த்தது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் வெளியே வந்தது ஞாபகம் இருக்கும். எதிர்முனை ‘நான் அனுப்பிய சேதி இத்தனை பைட்’ என்று சொன்ன கணக்கைச் சரிபார்க்காமல் அப்படியே நம்பி, ஒரு தடவைக்கு 64 கேபி வரை சர்வரின் மெமரியை அள்ளிக் கொடுத்த ஓட்டை. ஓபன்பிஎஸ்டி ஆட்களைக் கடுப்பேற்றியது அந்த ஓட்டைகூட அல்ல, ஓபன்எஸ்எஸ்எல் தனக்கென்று வைத்திருந்த மெமரி நிர்வாகம். எந்தக் காலத்திலோ சில மெஷின்களில் மெமரி வாங்குவது மெதுவாக இருந்ததாம். அதற்காக, விடுவித்த பஃபர்களைத் தானே ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. அதனால் இந்த மாதிரித் தவறுகளைப் பிடிப்பதற்கென்றே ஓபன்பிஎஸ்டியில் இருந்த பாதுகாப்புகள் பயனில்லாமல் போயின.

சரி, அந்தப் பட்டியலை அணைத்துவிடலாமே என்றால், அணைத்தால் புரோகிராமே சரியாக ஓடவில்லை! ஓரிடத்தில் ஒரு பஃபரை விடுவித்துவிட்டு, அடுத்து கேட்கும்போது அதே பஃபர், அதே சரக்கோடு திரும்பி வரும் என்று நம்பி எழுதியிருந்தார்கள். லாட்ஜ் அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து அதே அறையைக் கேட்டு, கொடியில் விட்டுப்போன வேட்டி அங்கேயே காயும் என்று நினைப்பது மாதிரி. வருஷக்கணக்கில் காய்ந்துகொண்டும் இருந்திருக்கிறது!

முதல் வாரத்திலேயே 90,000 வரி சி கோட் போனது. விஎம்எஸ், ஓஎஸ்/2, நெட்வேர், 16 பிட் விண்டோஸ் என்று பழைய சிஸ்டங்களுக்கான கோடைத் தேடித் தேடி எடுத்தார்கள். இதையெல்லாம் எடுத்ததில் எனக்கு முழுச் சம்மதம். பழசு சும்மா ஓரமாகத்தானே கிடக்கிறது என்று விட்டு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016-இல் வந்த ட்ரௌன் தாக்குதலே போதும். எப்போதோ கைவிட்டிருக்க வேண்டிய பழைய மறைகுறியாக்க நெறிமுறையான எஸ்எஸ்எல்வி2-ஐ ஒரு சர்வர் இன்னும் பேசியது என்பதற்காகவே, அதே சாவியைப் பயன்படுத்தும், அதன் புதிய வாரிசான டிஎல்எஸ் உரையாடலையும் உடைக்க முடிந்தது.

ஆனால் வெட்டியவர்களும் இடறினார்கள். 2014 ஜூலையில் மற்ற சிஸ்டங்களுக்கான முதல் வெளியீடு வந்த சில நாளிலேயே, லினக்ஸில் ஒரு பிராசஸுக்கும் அதன் பேரனுக்கும் தற்செயலாக ஒரே எண் அமைந்துவிட்டால் இருவருக்கும் ஒரே ரேண்டம் எண்கள் கிடைக்கும் என்று தெரியவந்தது. வெளியிலிருந்து புதிய ரேண்டம் சரக்கு ஊற்றச் சொல்லும் ஃபங்ஷன், தேவையில்லை என்று வெறும் கூடாக்கப்பட்டிருந்தது. 2.0.2 பதிப்பில் சரிசெய்தார்கள்.

கேள்வி: இரண்டு பைட் வரிசைகளை ஒப்பிட, சி மொழியிலேயே ஃபங்ஷன் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, முதல் வித்தியாசத்தில் நிற்காமல் கடைசி வரை ஓடும் லூப்பை எழுதி வைத்திருக்கிறார்கள். இதையாவது மாற்றலாம்தானே?
— எம்.சி.ஏ. மாணவி, திருநெல்வேலி

பதில்: ஐயோ, தொட்டுவிடாதீர்கள்! முதல் வித்தியாசத்தில் நின்றுவிட்டால், எத்தனையாவது பைட்டில் நின்றது என்பதை எடுத்துக்கொண்ட நேரமே காட்டிக்கொடுக்கும். சேதி உண்மையானது என்று காட்டும் முத்திரையைப் போலியாகச் செய்ய, ஒவ்வொரு பைட்டாக ஊகித்துக் கொண்டுவருபவனுக்கு அது போதும். அதனால்தான் ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தையும் ஒரு பைட்டில் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் அது பூஜ்யமா என்று மட்டும் பார்க்கிறார்கள். சாவியை அழிக்கத் தனி ஃபங்ஷன் இருப்பதும் இப்படித்தான். சாதாரணமாகப் பூஜ்யம் நிரப்பினால், இனி யாரும் படிக்காத மெமரிதானே என்று கம்பைலர் அந்த வரியையே தூக்கிவிடலாம்.

ஆரம்பத்தில் நானும் இப்படி ஒரு லூப்பை அழகுபடுத்தியவன்தான். சீனியர் பேசாமல் பழையபடி மாற்றிவிட்டு, ‘நேரம்’ என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார். எனக்குப் புரிய ஒரு நாள் ஆனது. பெரிய ஆட்களுக்கும் இது நடக்கும். 2013-இல் இப்படி நேரத்தை அளந்து ரகசியம் கறக்கும் லக்கி தர்ட்டீன் என்ற தாக்குதலுக்கு மருந்தாக ஓபன்எஸ்எஸ்எல்லில் பேடிங் (சேதியின் நீளத்தைச் சரிக்கட்டச் சேர்க்கும் பைட்கள்) சரிபார்க்கும் பகுதியை எப்போதும் ஒரே நேரம் எடுக்கும்படி மாற்றி எழுதினார்கள். அதில், சரிபார்க்கப் போதுமான பைட் இருக்கிறதா என்ற சோதனை விடுபட்டுப்போய், 2016-இல் அது தனி ஓட்டையாக வந்து நின்றது.

கேள்வி: மொத்தத்தையும் மெமரித் தவறுகளைத் தானே தடுக்கும் ரஸ்ட் மொழியில் எழுதிவிட்டால்?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஹார்ட்பிளீட் மாதிரியானவை பெரும்பாலும் போய்விடும், நல்லதுதான். ஆனால் டெபியன் கதை ரஸ்ட்டிலும் அப்படியே நடந்திருக்கும், அது மெமரித் தவறல்ல, தேவையான வரியை எடுத்த தவறு.

கேள்வி: (கோவை மாணவரே இன்னொரு கடிதத்தில்) அப்போ எங்கிருந்துதான் தொடங்குவது?

பதில்: டெஸ்டிலிருந்து. டெஸ்ட் இல்லாத மூலை எது என்று தேடி, வெளியிடப்பட்ட மாதிரி விடைகளை வைத்து முதலில் டெஸ்ட் மட்டும் எழுதி அனுப்புங்கள், அதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அப்புறம் கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் வரலாற்றில் அந்த வரி எப்போது, எதற்காக வந்தது என்று பாருங்கள். இடைவெளி, அடைப்புக்குறி திருத்தத்தையும் தர்க்க மாற்றத்தையும் ஒரே பேட்ச்சில் கலக்கவே கலக்காதீர்கள், படிப்பவர் கண்ணுக்கு அந்த ஒரு வரி தப்பிவிடும். வேண்டாத வரி என்று உறுதியானால் தைரியமாக எடுங்கள். ஏன் வேண்டாம் என்பதை மட்டும் ஒரு பத்தி எழுதி வையுங்கள்.

கேள்வி: பழைய ஓபன்எஸ்எஸ்எல் ஃபங்ஷன் பெயர்களில் எஸ்எஸ்எல்-லுக்குப் பின்னால் ‘ஈஏஒய்’ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது என்ன?
— வாசகர், ஈரோடு

பதில்: எரிக் ஏ. யங் என்பவரின் முதலெழுத்துகள். அவரும் டிம் ஹட்சனும் எழுதிய நூலகத்திலிருந்துதான் 1998 டிசம்பரில் ஓபன்எஸ்எஸ்எல் கிளம்பியது. 2016-இல் வந்த 1.1.0 பதிப்பில் அந்த ஃபங்ஷன்களுக்குப் பெயர் மாற்றினார்கள். மாற்றிவிட்டு, பழைய பெயரில் கூப்பிடுகிறவர்களுக்காக அதையும் ஓரமாக ஒரு வரியில் வைத்திருக்கிறார்கள்.