ஒரு மைக், இரண்டு மிக்ஸர்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கச்சேரிக்கு அரங்கத்தில் ஒரு மிக்ஸர், நேரலைக்கு இன்னொரு மிக்ஸர். பாட்டு மைக்கை ஒய் கேபிளில் (ஒரு முனை இரண்டாகக் கிளைக்கும் கேபிள்) பிரித்தால் சத்தம் பாதியாகிவிடுமா?

பதில்: ஆகாது தம்பி. மின்தடையில் மைக் 150 ஓம், மிக்ஸர் இன்புட் 2,400 ஓம் என்று வையுங்கள். இரண்டு மிக்ஸர் சேர்ந்தால் 1,200 ஓம். குறைவது அரை டெசிபல்தான், காதுக்கே தெரியாது. கெயினையும் (மைக் சிக்னலை மிக்ஸர் எவ்வளவு பெருக்குகிறது என்ற அளவு) அவரவர் தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒய் கேபிள் பிரிப்பதற்கு மட்டும்தான். இரண்டு மைக்கை ஒரே இன்புட்டில் சேர்க்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: மிருதங்கத்துக்குக் கண்டென்சர் மைக். அதற்கு ஃபாண்டம், அதாவது கேபிள் வழியே மிக்ஸர் கொடுக்கும் கரண்ட் வேண்டும். அதை இரண்டு மிக்ஸரிலும் போடலாமா?

பதில்: ஒன்றில் மட்டும் போடுங்கள். டிரான்ஸ்பார்மர் ஸ்பிளிட்டர் (மைக் சிக்னலை நேர் அவுட்புட், டிரான்ஸ்பார்மர் வழி அவுட்புட் என்று பிரிக்கும் பெட்டி) என்றால், நேர் அவுட்புட் போகும் மிக்ஸர்தான் 48 வோல்ட் கொடுக்க வேண்டும். ஃபாண்டம் டிசி மின்சாரம், டிரான்ஸ்பார்மர் டிசியைக் கடத்தாது. டிரான்ஸ்பார்மர் பக்கத்திலிருந்து எவ்வளவு கொடுத்தாலும் மைக் பேசாது.

கேள்வி: இரண்டாவது மிக்ஸரை மாட்டினாலே 'ஊம்' என்று இரைகிறது சார். பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து எடுக்காதீர்கள். எங்காவது கசிவு இருந்தால், வியர்த்த கையோடு மைக்கைப் பிடிக்கும் பாடகருக்குத்தான் ஷாக் அடிக்கும். இரண்டு மிக்ஸரும் வேறு வேறு இடத்தில் கரண்ட் எடுக்க, மைக் கேபிளின் ஷீல்டு (உள் ஒயர்களைச் சுற்றியுள்ள உலோக உறை) வழியே எர்த் ஒரு வளையமாகிவிடுகிறது. அதனால்தான் இரைச்சல். ஒரு கோயில் கச்சேரியில் தம்புரா சுருதிக்கு அடியில் இந்த இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. நேரலை மிக்ஸருக்கும் மேடை போர்டிலிருந்தே கரண்ட் ஒயர் இழுத்தேன், அடங்கியது. அப்படியும் போகவில்லை என்றால் ஸ்பிளிட்டரில் கிரவுண்டு லிஃப்ட் சுவிட்சை (ஷீல்டு இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) தட்டுங்கள். வெறும் ஒய் கேபிள்தான் என்றால், ஃபாண்டம் கொடுக்காத பக்கத்து எக்ஸ்எல்ஆர் முனையில் (மூன்று பின் உள்ள மைக் பிளக்) ஷீல்டு சேரும் 1-ஆம் பின் ஒயரை மட்டும் கழற்றுங்கள். சிக்னல் போகும் 2, 3-இல் கை வைக்க வேண்டாம். அந்தக் கேபிளில் ஒரு சிவப்பு டேப் சுற்றி வையுங்கள். அடுத்த நிகழ்ச்சியில் யாராவது தெரியாமல் எடுத்து மாட்டிவிட்டால் பிழை தேடியே நேரம் போய்விடும்.

கேள்வி: ஸ்பிளிட்டர் வாங்க இப்போது வசதியில்லை. வேறு வழி?

பதில்: அரங்க மிக்ஸரின் ஆக்ஸ் அவுட்டை (தனியாக ஒரு கலவையை வெளியே அனுப்பும் அவுட்புட்) ப்ரீ ஃபேடரில், அதாவது ஃபேடரை நகர்த்தினாலும் மாறாதபடி வைத்து, நேரலை மிக்ஸரின் லைன் இன்புட்டுக்குக் கொடுங்கள். அரங்கத்தில் கெயினைத் திருகினால் நேரலையிலும் சத்தம் ஏறி இறங்கும். அதனால் கச்சேரி தொடங்கும் முன்பே கெயினை முடிவுசெய்துவிட்டு, அப்புறம் ஃபேடரில் மட்டும் வேலை பார்க்கச் சொல்லுங்கள்.